கணினி தொடங்க மறுக்கிறதா? தரவை இழக்காமல் மீட்பதற்கான படிநிலைகள் – ஒரு விளக்கம்

புதுதில்லி: 2024-ஆம் ஆண்டு ஜூலை 19-ஆம் தேதி, இந்திய நேரப்படி காலை 9.39 மணிக்கு உலகெங்கும் உள்ள விண்டோஸ் கணினிகளுக்கு ஒரு பாதுகாப்பு மென்பொருளின் புதுப்பிப்புக் கோப்பு அனுப்பப்பட்டது. அடுத்த சில நிமிடங்களில் விமான நிலையங்கள், வங்கிகள், மருத்துவமனைகள், ஊடக நிறுவனங்கள் ஆகியவற்றின் கணினித் திரைகள் நீல நிறமாக மாறின. கணினிகள் தாமாகவே அணைந்து, மீண்டும் தொடங்கி, மீண்டும் நீலத் திரையிலேயே வந்து நின்றன.

கிரவுட்ஸ்ட்ரைக் என்னும் அமெரிக்க இணையப் பாதுகாப்பு நிறுவனத்தின் பிழையான புதுப்பிப்பே இதற்குக் காரணம். சுமார் 85 லட்சம் கணினிகள் பாதிக்கப்பட்டதாக மைக்ரோசாஃப்ட் நிறுவனம் மதிப்பிட்டது. இந்தியாவில் இண்டிகோ, ஏர் இந்தியா, ஸ்பைஸ்ஜெட், ஆகாசா ஏர் ஆகியவற்றின் பயணப் பதிவுச் சேவைகள் தடைபட்டன. ஹைதராபாத் உள்ளிட்ட விமான நிலையங்களில் பயணிகளுக்குக் கையால் எழுதப்பட்ட பயணச் சீட்டுகள் வழங்கப்பட்டன. பத்து வங்கிகளும் வங்கிசாரா நிதி நிறுவனங்களும் சிறிய அளவில் பாதிக்கப்பட்டதாக இந்திய ரிசர்வ் வங்கி தெரிவித்தது.

அன்றைய பாதிப்பின் அளவு அசாதாரணமானது. ஆனால், நேற்று வரை இயங்கிய கணினி இன்று தொடங்காமல் நிற்பது ஒவ்வொரு வீட்டிலும் அலுவலகத்திலும் நேரக்கூடியதே. அத்தகைய வேளையில் பலரும் இழப்பது கணினியை அல்ல; பதற்றத்தில் எடுக்கும் ஒரு தவறான முடிவால் அதனுள் இருக்கும் கணக்குகளையும் ஆவணங்களையும் புகைப்படங்களையும்தான். எனவே, எந்தெந்தப் படிகளை மேற்கொள்ள வேண்டும் என்பதைவிட, அவற்றை எந்த வரிசையில் மேற்கொள்ள வேண்டும் என்பதே முக்கியம்.

2024 நிகழ்வு காட்டியது என்ன?

பிழையான கோப்பை அந்நிறுவனம் 78 நிமிடங்களில் திரும்பப் பெற்றுவிட்டது. எனினும், பல நிறுவனங்கள் இயல்பு நிலைக்குத் திரும்பப் பல நாள்கள் ஆயின. இதற்கான காரணத்தை அறிந்துகொண்டால், கணினி தொடங்கும் முறையும் எளிதில் விளங்கும்.

கிரவுட்ஸ்ட்ரைக் மென்பொருள், விண்டோஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியில், கணினி தொடங்கும்போதே செயல்படத் தொடங்கும் வகையில் அமைக்கப்பட்டது. புதிய கோப்பு 21 உள்ளீடுகளை எதிர்பார்த்தது. மென்பொருளோ 20 உள்ளீடுகளை மட்டுமே வழங்கியது. இல்லாத அந்த 21-ஆவது உள்ளீட்டைத் தேடி, நினைவகத்தில் தனக்கு உரிமையில்லாத பகுதியைப் படிக்க முயன்றபோது இயங்குதளம் நிலைகுலைந்தது. கணினி மறுபடியும் தொடங்கியபோது அதே கோப்பு மறுபடியும் படிக்கப்பட்டது; மறுபடியும் நிலைகுலைந்தது.

கணினி முழுமையாகத் தொடங்காததால், இணையம் வழியாகத் திருத்தப்பட்ட கோப்பை அனுப்பிப் பெரும்பாலானவற்றைச் சரிசெய்ய இயலவில்லை. தொழில்நுட்பப் பணியாளர்கள் ஒவ்வொரு கணினியின் முன்பும் அமர்ந்து, அதைப் பாதுகாப்பு நிலையில் தொடங்கி, குறிப்பிட்ட அந்த ஒரு கோப்பை நீக்க வேண்டியிருந்தது. தரவு குறியாக்கம் செய்யப்பட்டிருந்த கணினிகள், அதற்கு முன்னதாக 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்டன. அந்தச் சாவி எங்கே இருக்கிறது என்று தெரியாதவர்களின் பணி அங்கேயே நின்றது.

பழுதை நீக்கும் வேலை சில நிமிடங்களுக்கு உரியது. அதற்கான முன்னேற்பாடு இல்லாததே நாள்களை விழுங்கியது. வீட்டுக் கணினிக்கும் இது முழுமையாகப் பொருந்தும்.

பொத்தானை அழுத்தியதும் நடப்பது என்ன?

ஆற்றல் பொத்தானை அழுத்துவதற்கும் முகப்புத் திரை தோன்றுவதற்கும் இடையில் ஐந்து கட்டங்கள் உள்ளன.

முதலாவது, மின்சாரம் உள்ளே சென்று மதர்போர்டை அடைவது. இரண்டாவது, மதர்போர்டில் பதிக்கப்பட்டுள்ள அடிப்படை மென்பொருள் விழித்தெழுந்து செயலி, ரேம், திரை, விசைப்பலகை ஆகியவற்றைச் சோதிப்பது. புதிய கணினிகளில் இந்த மென்பொருள் யுஇஎஃப்ஐ எனப்படுகிறது. பழைய வழக்கப்படி பயாஸ் என்றே பலரும் அழைக்கின்றனர். மூன்றாவது, இயங்குதளம் இருக்கும் ஹார்டு டிஸ்க்கையோ எஸ்எஸ்டி-யையோ கண்டறிவது. நான்காவது, விண்டோஸின் மையப் பகுதியும் டிரைவர்கள் எனப்படும் துணை மென்பொருள்களும் ஏற்றப்படுவது. ஐந்தாவது, பயனர் உள்நுழைந்து முகப்புத் திரையைப் பெறுவது.

கணினி எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பதைக் கவனித்தாலே பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும். விளக்கே எரியாத கணினிக்கு விண்டோஸை மறுநிறுவல் செய்வதால் பயனில்லை. அதேபோல், விண்டோஸின் சின்னம் வரை வந்துவிட்ட கணினிக்குப் பெரும்பாலும் மின் இணைப்பில் குறை இருக்காது.

பிழைச் செய்தி ஏதேனும் திரையில் தோன்றினால், முதல் வேலையாக அதைக் கைப்பேசியில் படமெடுத்து வைக்க வேண்டும். அச்செய்தி சில விநாடிகளில் மறைந்துவிடக்கூடும். பழுது நீக்குபவருக்கு அதைவிடப் பயனுள்ள தகவல் வேறு இல்லை. கடைசியாக என்ன மாற்றம் செய்யப்பட்டது என்பதையும் நினைவுகூர வேண்டும். புதிய மென்பொருள், புதிய அச்சுப்பொறி, புதுப்பிப்பு, மின்வெட்டு, கீழே விழுந்தது போன்ற எதுவும் காரணமாக இருக்கலாம்.

விளக்கே எரியவில்லை என்றால்…

மேசைக் கணினியானாலும் மடிக்கணினியானாலும் சுவரிலிருந்து தொடங்குவதே முறை. அதே மின்செருகியில் வேறொரு கருவியை இணைத்து மின்சாரம் வருகிறதா என்று பார்க்க வேண்டும். யுபிஎஸ் அல்லது நீட்டிப்புப் பலகை இடையில் இருந்தால், அதைத் தவிர்த்துக் கணினியை நேரடியாக இணைத்துப் பார்க்கலாம். மேசைக் கணினியின் பின்புறத்தில் உள்ள சிறிய சுவிட்ச் தவறுதலாக அணைக்கப்பட்டிருப்பதும் உண்டு.

மடிக்கணினியாக இருந்தால் சார்ஜரைக் கழற்றிவிட்டு, ஆற்றல் பொத்தானை சுமார் 30 விநாடிகள் அழுத்திப் பிடிக்க வேண்டும். உட்பகுதியில் தேங்கியிருக்கும் மின்னூட்டம் வெளியேறிய பின், சார்ஜரை இணைத்துச் சில நிமிடங்கள் கழித்துத் தொடங்கிப் பார்க்கலாம். மேசைக் கணினியில் மின்கம்பியை உருவிவிட்டு இதையே செய்யலாம். தரவுக்கு எவ்விதத் தீங்கும் விளைவிக்காத இந்த எளிய முறையிலேயே பல கணினிகள் மீண்டுவிடுகின்றன.

மூன்று சூழ்நிலைகளில் மட்டும் மீண்டும் மீண்டும் முயலக் கூடாது. கருகிய வாடை வந்தால், திரவம் சிந்தியிருந்தால், மடிக்கணினியின் அடிப்பகுதி பேட்டரியால் உப்பியிருந்தால் உடனடியாக மின் இணைப்பைத் துண்டித்துவிட்டு, சேவை மையத்தை நாட வேண்டும். ஈரமான கணினியில் மின்சாரம் பாய்ச்சுவது, பிழைத்திருக்கும் பாகங்களையும் கெடுத்துவிடும். உப்பிய பேட்டரியை அழுத்துவதோ துளையிடுவதோ தீ விபத்துக்கு வழிவகுக்கும்.

மின்விசிறி சுழல்கிறது, திரை மட்டும் இருளாக உள்ளது

இந்நிலையில் கணினி உள்ளே இயங்கிக்கொண்டிருக்கவும் கூடும். திரையின் கம்பி இறுகப் பொருந்தியுள்ளதா, திரைக்குத் தனியே மின்சாரம் செல்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். தனி கிராஃபிக்ஸ் அட்டை உள்ள மேசைக் கணினியில், திரையின் கம்பியை மதர்போர்டில் செருகாமல் அந்த அட்டையில் செருக வேண்டும். மடிக்கணினியை ஒரு தொலைக்காட்சியுடனோ வெளித் திரையுடனோ இணைத்துப் பார்த்தால், பழுது திரையிலா அல்லது கணினியிலா என்பது தெரிந்துவிடும்.

விண்டோஸ், கண்ட்ரோல், ஷிஃப்ட் ஆகிய மூன்று விசைகளுடன் பி விசையையும் ஒருசேர அழுத்தினால், திரையைக் கட்டுப்படுத்தும் டிரைவர் மீண்டும் தொடங்கும். விண்டோஸ் இயங்கியும் படம் மட்டும் வராத நேரங்களில் இது உதவும்.

தொடக்கத்திலேயே 'பீப்' ஒலிகள் விட்டுவிட்டுக் கேட்டால், அடிப்படை மென்பொருள் ஏதோ ஒரு பாகத்தைக் கண்டறியவில்லை என்று பொருள். ரேம் அட்டை சரியாகப் பொருந்தாதது இதற்கான பொதுவான காரணங்களுள் ஒன்று. மேசைக் கணினியில் மின்கம்பியை உருவிய பின், ரேம் அட்டையைக் கழற்றித் தூசு நீக்கி, இருபுறமும் உள்ள பிடிகள் பூட்டும் வரை அழுத்திப் பொருத்தலாம். இரண்டு அட்டைகள் இருந்தால் ஒவ்வொன்றாகச் சோதிக்கலாம். புதிய மடிக்கணினிகள் பலவற்றில் ரேம் மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருப்பதால், அவற்றைத் திறக்க முயல வேண்டாம்.

'பூட் டிவைஸ்' கிடைக்கவில்லை என்ற செய்தி

மூன்றாம் கட்டத்தில் கணினி நின்றால், தொடங்குவதற்கான சேமிப்பகம் கிடைக்கவில்லை என்ற பொருளில் கறுப்புத் திரையில் ஒரு வரி தோன்றும். இதைக் கண்டதும் ஹார்டு டிஸ்க் அழிந்துவிட்டதாக முடிவு செய்துவிடக் கூடாது. பென் டிரைவ், மெமரி கார்டு, வெளி ஹார்டு டிஸ்க் ஆகியவை இணைக்கப்பட்டிருந்தால் அனைத்தையும் கழற்றிவிட்டு மீண்டும் தொடங்க வேண்டும். அவற்றில் ஒன்றிலிருந்து விண்டோஸைத் தேடிக்கொண்டு கணினி நின்றிருக்கலாம்.

அதன் பிறகும் மாற்றம் இல்லையெனில், தொடங்கும்போதே எஃப்2, எஃப்10, டெலிட் ஆகியவற்றுள் தயாரிப்பு நிறுவனம் குறிப்பிட்டுள்ள விசையை அழுத்தி பயாஸ் அமைப்புகளைத் திறக்கலாம். அங்குள்ள பட்டியலில் சேமிப்பகத்தின் பெயர் இருக்கிறதா என்பதை மட்டும் பார்க்க வேண்டும். பெயர் இருந்தால், தொடங்கும் வரிசை மாறியிருக்கலாம். அல்லது விண்டோஸின் தொடக்கக் கோப்புகள் சேதமடைந்திருக்கலாம். பெயரே இல்லையென்றால், கம்பி தளர்ந்திருக்க வேண்டும் அல்லது சேமிப்பகம் பழுதடைந்திருக்க வேண்டும்.

பயாஸில் தேதியும் நேரமும் பல ஆண்டுகள் பின்னோக்கிச் சென்றிருந்தால், மதர்போர்டில் உள்ள நாணய வடிவிலான 3 வோல்ட் பேட்டரி தீர்ந்திருக்கலாம். அது தீர்ந்தால் பயாஸ் அமைப்புகள் பழைய நிலைக்குத் திரும்பி, கணினி தொடங்காமல் போகக்கூடும். குறைந்த செலவில் சரிசெய்யக்கூடிய பழுது இது.

ஹார்டு டிஸ்க்கிலிருந்து 'டிக் டிக்' என்ற சீரான ஒலியோ உராய்வு ஒலியோ வந்தால், கணினியை உடனே அணைத்துவிட வேண்டும். தட்டுகளின் மேல் நகரும் முனை பழுதடைந்ததன் அறிகுறி அது. ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் சேதம் கூடிக்கொண்டே போகும். முக்கியமான தரவு இருப்பின், எந்த மென்பொருளையும் முயன்று பார்க்காமல் தரவு மீட்பு வல்லுநரிடம் ஒப்படைப்பதே சரியானது.

சின்னம் தோன்றுகிறது, ஆனால் விண்டோஸ் திறக்கவில்லை

தயாரிப்பு நிறுவனத்தின் சின்னம் தோன்றி, புள்ளிகள் சுழன்று, பின்னர் நீலத் திரையோ மறுதொடக்கமோ நேர்ந்தால், பழுது பெரும்பாலும் மென்பொருளில் இருக்கும். இத்தகைய நிலைக்காகவே விண்டோஸில் 'மீட்புச் சூழல்' என்னும் தனிப் பகுதி உள்ளது.

இரண்டு முறை தொடர்ந்து தொடங்கத் தவறினால், அடுத்த முறை விண்டோஸ் தானாகவே மீட்புச் சூழலுக்குள் செல்லும். அவ்வாறு செல்லாவிட்டால், சின்னம் தோன்றியதும் ஆற்றல் பொத்தானைச் சுமார் 10 விநாடிகள் அழுத்திப் பிடித்து அணைத்து, இதையே மீண்டும் ஒருமுறை செய்து, மூன்றாம் முறை தொடங்க விட வேண்டும். உள்நுழைவுத் திரை வரை வரும் கணினியில், ஷிஃப்ட் விசையை அழுத்தியபடி 'ரீஸ்டார்ட்' என்பதைத் தேர்ந்தாலும் இப்பகுதி திறக்கும்.

அங்கே 'டிரபிள்ஷூட்', அதன்பின் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' என்று சென்றால் பல தேர்வுகள் தோன்றும். அவற்றைத் தீங்கு குறைந்ததிலிருந்து தொடங்கிப் பின்வரும் வரிசையில் பயன்படுத்துவது நல்லது.

முதலில் 'ஸ்டார்ட்அப் ரிப்பேர்'. இது விண்டோஸின் தொடக்கக் கோப்புகளைத் தானாகச் சரிசெய்ய முயலும். பயனரின் கோப்புகளைத் தொடாது.

இரண்டாவது, 'அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ்'. புதுப்பிப்புக்குப் பிறகே சிக்கல் தொடங்கியது என்றால், அண்மைய புதுப்பிப்பை மட்டும் இதன் மூலம் நீக்கலாம்.

மூன்றாவது, 'ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ்' வழியாக 'சேஃப் மோட்' எனப்படும் பாதுகாப்பு நிலை. மறுதொடக்கத்துக்குப் பின் தோன்றும் பட்டியலில் 4 அல்லது எஃப்4 விசையை அழுத்தினால், இன்றியமையாத டிரைவர்களை மட்டும் ஏற்றிக்கொண்டு விண்டோஸ் தொடங்கும். இணைய இணைப்பும் தேவையென்றால் 5 அல்லது எஃப்5 விசையை அழுத்த வேண்டும். பாதுகாப்பு நிலையில் கணினி சீராக இயங்கினால், விண்டோஸின் அடிப்படை நலமாக உள்ளது என்றும், பின்னர் சேர்க்கப்பட்ட டிரைவரோ மென்பொருளோதான் குற்றவாளி என்றும் கொள்ளலாம். கடைசியாக நிறுவியதை அங்கிருந்தே நீக்கிவிட்டு வழக்கம்போல் தொடங்கலாம். கோப்புகளை வெளி டிஸ்க்கில் படியெடுத்துக்கொள்ளவும் இதுவே தக்க தருணம்.

நான்காவது, 'சிஸ்டம் ரெஸ்டோர்'. விண்டோஸ் முன்பே பதிவு செய்து வைத்திருக்கும் நல்ல நிலைக்கு இது கணினியைத் திருப்பும். தனிப்பட்ட கோப்புகள் மாறாது. அந்தத் தேதிக்குப் பின் நிறுவிய மென்பொருள்களும் டிரைவர்களும் மட்டும் நீங்கும். மீட்புப் புள்ளி எதுவும் பதிவாகாமல் இருந்தால் இந்தத் தேர்வு பயன்படாது.

கட்டளை வரி மூலம் டிஸ்க்கைச் சோதித்துச் சீரமைக்கும் வழிமுறை இணையக் காணொளிகளில் பரவலாகப் பரிந்துரைக்கப்படுகிறது. பழுதடைந்துகொண்டிருக்கும் டிஸ்க்கில் அது மணிக்கணக்கில் ஓடி, எஞ்சிய தரவையும் கெடுத்துவிடக்கூடும். காப்புநகல் எடுக்கப்படாத டிஸ்க்கில் அதை இயக்காமல் இருப்பதே நல்லது.

கடைசிப் படி 'ரீசெட்'

மீட்புச் சூழலில் 'ரீசெட் திஸ் பிசி' என்ற தேர்வு கண்ணில் படும்படி முன்னதாகவே இருப்பதால், பலர் முதலில் அதையே அழுத்திவிடுகின்றனர். உண்மையில் வரிசையில் அது கடைசி.

அதில் இரு பிரிவுகள் உள்ளன. 'கீப் மை ஃபைல்ஸ்' என்பது தனிப்பட்ட கோப்புகளை வைத்துக்கொண்டு, நிறுவிய மென்பொருள்களையும் அமைப்புகளையும் நீக்கும். கணக்கியல் மென்பொருள் போன்றவை தம் தரவை வேறு இடத்தில் சேமித்திருந்தால், அவை காக்கப்படும் என்ற உறுதி இல்லை. 'ரிமூவ் எவ்ரிதிங்' என்பது பெயருக்கேற்ப அனைத்தையும் அழிக்கும். எஸ்எஸ்டி-யில் இவ்வாறு அழித்தவற்றை மீட்பது மிகக் கடினம்.

எனவே, எந்த வகை ரீசெட்டுக்கும் முன்பாகத் தரவை வெளியே எடுத்தாக வேண்டும். பாதுகாப்பு நிலையும் திறக்காத கணினியில் இதற்கு இரு வழிகள் உள்ளன. வேறொரு கணினியின் உதவியுடன் உபுண்டு போன்ற லினக்ஸ் இயங்குதளத்தைப் பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே பழுதான கணினியைத் தொடங்கலாம். நிறுவாமல் சோதித்துப் பார்க்கும் தேர்வை மட்டும் பயன்படுத்தினால், டிஸ்க்கில் எதுவும் எழுதப்படாமல் கோப்புகளைப் படியெடுக்க முடியும். அல்லது டிஸ்க்கைக் கழற்றி, அதற்கான யுஎஸ்பி உறையில் பொருத்தி, வேறொரு கணினியில் இணைக்கலாம். இரு வழிகளிலும், டிஸ்க் குறியாக்கம் செய்யப்பட்டிருந்தால் மீட்புச் சாவி இன்றிக் கோப்புகள் திறவா.

அந்த 48 இலக்கங்கள்

'பிட்லாக்கர்' என்பது டிஸ்க்கில் உள்ள தரவு முழுவதையும் குறியாக்கம் செய்யும் விண்டோஸின் வசதி. மடிக்கணினி திருடுபோனாலும் அதில் உள்ளவற்றைப் பிறர் படிக்க முடியாது என்பதே இதன் பயன். நிறுவனக் கணினிகளுக்கு உரியதாகவே இது பலரால் கருதப்படுகிறது. ஆனால், விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்புடன் வரும் புதிய கணினிகளில், மைக்ரோசாஃப்ட் கணக்கின் மூலம் உள்நுழையும்போது, 'டிவைஸ் என்கிரிப்ஷன்' என்ற பெயரில் இது பொதுவாகத் தானாகவே செயல்பாட்டுக்கு வந்துவிடுகிறது. தம் கணினி குறியாக்கம் செய்யப்பட்டுள்ளது என்பதே பல பயனர்களுக்குத் தெரியாது.

இயல்பான நாள்களில் இது தன் இருப்பைக் காட்டாது. பயாஸ் அமைப்புகளை மாற்றும்போதும், மதர்போர்டை மாற்றும்போதும், மீட்புச் சூழலில் டிஸ்க்கை அணுகும்போதும் திடீரென நீலத் திரையில் 48 இலக்கச் சாவியைக் கேட்கும். அச்சாவி இல்லையெனில் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தாலும் அதை மீண்டும் உருவாக்கித் தர இயலாது. டிஸ்க்கை அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்குவது மட்டுமே எஞ்சும் வழி.

வீட்டுக் கணினியானால், கைப்பேசி வழியாகத் தம் மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்நுழைந்து, சாதனங்கள் பட்டியலில் மீட்புச் சாவியைக் காணலாம். திரையில் தெரியும் சாவி அடையாள எண்ணின் முதல் 8 எழுத்துகளை ஒப்பிட்டுச் சரியான சாவியைத் தெரிவு செய்ய வேண்டும். கணினியை முதலில் அமைத்துத் தந்தவரின் கணக்கில் சாவி பதிவாகியிருப்பதும் உண்டு. விற்பனையாளரோ உறவினரோ தம் கணக்கில் உள்நுழைந்து அமைத்திருந்தால், அவரைத்தான் கேட்க வேண்டும். அலுவலக அல்லது கல்லூரிக் கணினியானால், தகவல் தொழில்நுட்பப் பிரிவிடம் சாவி இருக்கும்.

பயாஸில் எதையும் மாற்றுவதற்கு முன்பும், மதர்போர்டு மாற்றத்துக்காகக் கணினியைச் சேவை மையத்தில் ஒப்படைப்பதற்கு முன்பும், இச்சாவி கையில் இருப்பதை உறுதி செய்துகொள்வது இன்றியமையாதது.

உதவி என்ற பெயரில் வரும் மோசடி

தொடங்காத கணினியால் ஏற்படும் பதற்றம் மோசடியாளர்களுக்கு ஒரு வாய்ப்பு. 2024 ஜூலை நிகழ்வைத் தொடர்ந்து, கிரவுட்ஸ்ட்ரைக் பயனர்களைக் குறிவைத்துப் போலித் தீர்வுகளை வழங்கும் முயற்சிகள் நடைபெறுவதாக மத்திய அரசின் கணினி அவசரகால நடவடிக்கைக் குழுவான செர்ட்-இன் எச்சரித்தது.

வீட்டுப் பயனர்களிடம் இது வேறு உருவில் வருகிறது. திரை முழுவதும் நீல நிறமாகி, உடனே அழைக்குமாறு ஒரு தொலைபேசி எண் தோன்றும். அது விண்டோஸின் செய்தி அல்ல. இணைய உலாவியில் திறந்த போலிப் பக்கம். விண்டோஸின் உண்மையான பிழைத் திரையில் தொலைபேசி எண் ஒருபோதும் இடம்பெறாது. அந்த எண்ணை அழைப்பதோ, அவர்கள் கூறும் தொலைநிலை இயக்கச் செயலியை நிறுவுவதோ கூடாது. பணம் பறிபோயிருந்தால், தேசிய இணையக் குற்ற உதவி எண்ணான 1930-ஐ உடனடியாக அழைக்க வேண்டும்.

கோப்புகள் பூட்டப்பட்டுவிட்டதாகவும் பணம் செலுத்தினால் மட்டுமே திறக்கப்படும் என்றும் கோப்புகளின் மீதோ திரையிலோ செய்தி தோன்றினால், அது பழுதன்று, தாக்குதல். கணினியை இணையத்திலிருந்தும் பிற கணினிகளிலிருந்தும் உடனே துண்டிக்க வேண்டும். இத்தகைய தாக்குதல்கள் குறித்து நிறுவனங்கள் ஆறு மணி நேரத்துக்குள் செர்ட்-இன் அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 2022 ஏப்ரல் 28-இல் வெளியிடப்பட்ட உத்தரவு.

தில்லி எய்ம்ஸ் மருத்துவமனை 2022 நவம்பரில் இத்தகைய தாக்குதலுக்கு உள்ளானபோது, ஐந்து சர்வர்களில் இருந்த சுமார் 1.3 டெராபைட் தரவு பூட்டப்பட்டது. நோயாளிகளின் பதிவு கையால் எழுதும் முறைக்குத் திரும்பியது. எனினும், மருத்துவமனைச் சேவைக்கான தரவு முழுவதும் பாதிக்கப்படாத ஒரு காப்பு சர்வரிலிருந்து மீட்கப்பட்டதாக மத்திய அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது.

சேவை மையத்தில் ஒப்படைக்கும்போது…

சேவை மையத்தை நாடும்போது, 'தரவை அழிக்கக் கூடாது' என்பதை ஒப்புகைச் சீட்டில் எழுத்துப்பூர்வமாகக் குறிப்பிடச் செய்ய வேண்டும். கணினியின் வரிசை எண்ணும் அதில் இடம்பெற வேண்டும். விண்டோஸை மறுநிறுவல் செய்யும் முன் தம்மிடம் ஒப்புதல் பெற வேண்டும் என்று கூறுவது பயனரின் உரிமை. வன்பொருள் பழுதைச் சரிசெய்வதற்குப் பல வேளைகளில் கடவுச்சொல் தேவைப்படாது; கொடுக்க நேர்ந்தால், கணினி திரும்பியதும் அதை மாற்றிவிட வேண்டும்.

இன்றே செய்ய வேண்டியவை

2024 நிகழ்வுக்குப் பிறகு மைக்ரோசாஃப்ட் நிறுவனம், தொடங்காத கணினியே இணையம் வழியாகத் தீர்வைத் தேடிப் பெறும் 'குவிக் மெஷின் ரெக்கவரி' என்ற வசதியை 2025-இல் விண்டோஸ் 11-இல் சேர்த்தது. பரவலாக ஏற்படும் மென்பொருள் கோளாறுகளுக்கு இது உதவும். ஆனால், பழுதடைந்த டிஸ்க்கில் இருக்கும் ஒரே ஒரு படியை எந்த வசதியாலும் காப்பாற்றித் தர இயலாது.

கணினி நலமாக இயங்கும்போதே நான்கு வேலைகளை முடித்து வைக்கலாம். மீட்புச் சாவியைக் கண்டறிந்து, தாளில் எழுதி, கணினியிலிருந்து தனியே பத்திரப்படுத்துவது ஒன்று. கணினி அமைப்புகளில் தேடி, 'சிஸ்டம் ரெஸ்டோர்' வசதி இயக்கத்தில் உள்ளதா என்று பார்ப்பது இரண்டு. 16 ஜிபி பென் டிரைவில் விண்டோஸ் மீட்பு ஊடகம் ஒன்றை உருவாக்கி வைப்பது மூன்று. முக்கியக் கோப்புகளின் காப்புநகலை எடுப்பது நான்கு.

காப்புநகலுக்கு மூன்று படிகள், இரு வகைச் சேமிப்பகங்கள், அவற்றுள் ஒன்று வேறோர் இடத்தில் என்பதே உலகெங்கும் பின்பற்றப்படும் பொது விதி. மேகக் கணிமையில் தானாக ஒத்திசையும் கோப்புறையை மட்டும் நம்பியிருப்பது போதாது. கணினியில் அழிந்த கோப்பு அங்கேயும் அழிந்துவிடும். வெளி டிஸ்க்கில் எடுக்கும் படியை, வேலை முடிந்ததும் கணினியிலிருந்து கழற்றி வைக்க வேண்டும். மாதம் ஒருமுறை அதிலிருந்து ஏதேனும் ஒரு கோப்பைத் திறந்து பார்த்து, காப்புநகல் உண்மையிலேயே படிக்கத்தக்க நிலையில் உள்ளதா என்பதையும் உறுதி செய்துகொள்ள வேண்டும்.